பீரோவில் நாலு நாள் இருந்த தாள்

என் செல்ல சபீனாவுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகிறது. இன்று காலையிலும் ஆய்வுக்கூடத்தைத் திறந்ததும், "சபீ, வெந்நீர்த் தொட்டியைப் போடு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. மழைக்காலத்தில் பாண்டியில் காய்ச்சல் வராத வீடு எது? வந்தவர்களெல்லாம் எழுந்து நடமாடுகிறார்கள். நீ மட்டும் ஏன்டி?

நம் கட்டுரையைப் படித்தவர்கள் கேட்டு எழுதுகிறார்கள். பாலிமர் தாளில் லேசரால் கோடு போட்டு, துத்தநாகக் கரைசலில் ஊறவைத்தால், கோட்டின்மேல் மட்டும் முடியைவிட மெல்லிய குறைக்கடத்திக் கம்பிகள் புல் மாதிரி முளைக்கும் என்றோமே, அவர்களுக்கு முளைக்கவில்லையாம். நானும் செய்து பார்த்தேன். உன் நோட்டை விரித்து வைத்து, வரிக்கு வரி அப்படியே. 'கோடு போட்ட அன்றே ஊறவைத்தது' என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறாய். நுண்ணோக்கியில் பார்த்தால் மொட்டை. எதைச் சொல்லாமல் விட்டாய் சபீ?

போன ஞாயிறு மூலக்குளத்தில் உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா பீரோவைத் திறந்து, துணிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கவரை எடுத்துக் கொடுத்தார். உள்ளே நீ கோடு போட்ட தாள்.

"இதாம்மா கடைசி. எப்பவும் நாலு நாளு இங்க வச்சிருந்துதான் எடுத்துட்டுப் போவா. அப்பதான் நல்லா வருதாம். 'அக்காகிட்ட சொல்லிடாதம்மா, லேட்டு பண்றேன்னு திட்டும்'னு சொல்லுவா."

மறுநாள் அதை ஊறவைத்தேன். ஒரு கோடு விடாமல் முளைத்திருந்தது. ஓவென்று அழுதேன்.

ஆக, நோட்டில் நீ எழுதிய தேதிகள் பொய். உன்னைப் பொய் எழுத வைத்தது நான். "ஆமை மாதிரி நகராத, இன்னிக்கே முடி" என்று தினமும் உன் உயிரை வாங்கிய சீனியர் நான்தானே? காய்ச்சலோடு வந்து, "அக்கா, வீட்டுக்குப் போறேனே" என்றாய். "மாத்திரையப் போட்டுட்டு வேலையப் பாரு. தாளு என்ன உனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?" என்று எரிந்து விழுந்தேன். சாயங்காலம் வரை நின்றாய். மறுநாள் ஆஸ்பத்திரி. அதற்குப் பிறகு உன்னோடு பேசக் கொடுத்துவைக்கவில்லை.

நம் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "வாய மூடிக்கிட்டு இரும்மா. வெளிய தெரிஞ்சா செத்துப்போன பொண்ணு பேருதான் கெடும்" என்கிறார். இரண்டு நாள் மூடிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் மூடி வைத்தால், அந்த நாலு நாள் நீ கண்டுபிடித்தது என்று யாருக்குத் தெரியும்?

நாளைக்கே திருத்தம் அனுப்புகிறேன். காத்திருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தவள் சபீனா, அதை மறைக்க வைத்தது என் அவசரம் என்று என் பெயரைப் போட்டு எழுதுவேன். என் பட்டம் போனால் போகட்டும். இது சத்தியம்.

அந்தத் தாள் மூன்று மாதம் காத்திருந்தது சபீ. அதற்கு ஒன்றுமே ஆகவில்லை. அன்றைக்கு உன்னை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.

நீ பயந்து நடந்த
உன் அக்கா,
மலர்விழி