அப்பாவின் அட்டவணையைப் பூட்டச் சொல்லி

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் என் பேத்தியும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். இங்கே எல்லாரும் சுகம் என்று வழக்கமாக எழுதுகிற வரியை இந்தத் தடவை எழுதக் கை வரவில்லை, அதனால் அதை விட்டுவிட்டு மேலே போகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் அப்பா பேச்சை எடுத்தாலே நீ வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தைப் பாதியில் கீழே வைத்தாலும் மறுபடி எடுத்துத்தானே ஆகவேண்டும். உன் தங்கை வாரம் ஒரு தடவை வந்து துணி துவைத்துப் போட்டுவிட்டுப் போகிறாள், வரும்போதெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரைத் தூக்கிக் குப்பையில் போடு என்கிறாள், அவளுக்கு எப்போதுமே எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுத்தான் பழக்கம், என் தையல் மிஷினை யாரிடம் கொடுத்தாள் என்று இன்னும் சொல்லவில்லை. குளியலறைக் கூரை ஒழுகுகிறது, கொத்தனார் நாளைக்கு நாளைக்கு என்கிறார். அதெல்லாம் கிடக்கட்டும். நான் எழுத வந்தது அப்பாவின் ராக்கெட் தொகுப்பைப் பற்றி. அந்தப் பெயரைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதே ராசா, கடைசிவரைக்கும் படி, உன்னை விட்டால் எனக்கு ஆளில்லை.

பக்கவாதத்தில் வலது கையும் பேச்சும் போன பிறகு அப்பாவுக்கு வாயில் நிற்பது ஒரே வார்த்தை, இந்தா. தண்ணீர் வேண்டுமென்றாலும் இந்தா, கோபம் வந்தாலும் இந்தா. சொன்னது புரிகிறது, நாம் பேசுகிறபோது முகம் மாறுகிறது. நீ ஆஸ்பத்திரிக்கு வந்து கதவோரம் நின்றுவிட்டு அவர் கண் திறக்கும் முன்னே கிளம்பிப் போனதைச் சொன்னபோது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், அது எனக்கு மறக்கவில்லை, குறை உங்கள் இரண்டு பேர் மேலும்தான். எழுந்து நடக்க முடிந்ததிலிருந்து சாப்பிட்டதும் நேராகப் போய் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். இடது கையால் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, நீங்கள் இரண்டு பேரும் வருஷக்கணக்காகச் சேர்த்து வெப்சைட்டில் போட்ட படங்களையும் வரைபடங்களையும் பார்த்துக்கொண்டிருப்பார். நான் நிம்மதியாகத்தான் இருந்தேன், மனுஷனுக்கு ஒரு பிடிமானம் இருக்கிறதே என்று.

அப்புறம்தான் பெரிய நூலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ராக்கெட் விடுகிறவர்களும் வானம் பார்க்கிறவர்களும் ஊர் ஊராகச் சேர்த்து வெப்சைட்டில் போட்டு வைத்திருக்கிற தொகுப்புகளை எல்லாம் மதிப்பிட்டு, நல்லதை நூலகமே எடுத்து நிரந்தரமாகப் பாதுகாக்கப் போகிறதாம். உங்கள் ராக்கெட் கிளப் கலைந்துபோனதே, அதன் தலைவர் சாகும்முன் நம் தொகுப்பையும் பார்க்கச் சொல்லி எழுதிப் போட்டிருக்கிறார். அந்தப் பெண் நல்லவள், அதிகம் சிரிக்கமாட்டாள், கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவி வைக்கிறாள். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இந்தப் பக்கத்தை யார் எழுதினது, எப்ப எழுதினது, இந்த எண் எங்கேயிருந்து வந்தது, தேடினால் கிடைக்கிறதா, அழுத்தினால் திறக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வரைபடம் சுத்தம், எடை எல்லாம் எழுதியிருக்கிறது, கிரகணப் படங்களில் தேதி இருக்கிறது, இவ்வளவு ஒழுங்கான தொகுப்பை இந்த வருஷத்தில் பார்க்கவில்லை என்றாள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, இரண்டு அடுக்கு ராக்கெட் என்று தேடிப் பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. எப்படி வரும், நீங்கள்தான் எல்லா ராக்கெட்டுக்கும் நம் சொந்தபந்தங்கள் பெயரை வைத்துத் தொலைத்திருக்கிறீர்களே. பாதி உயரத்தில் தன்னில் ஒரு பகுதியைக் கழற்றிவிட்டுத் தான் மட்டும் மேலே போவதற்கு மூத்த மச்சான், நிறையப் புகைவிட்டு இடத்தைவிட்டு நகராததற்குச் சின்ன மச்சான், காற்றில்லாத நாளில்கூட அடுத்தவன் வீட்டு மாடியில் போய் இறங்குவதற்கு அத்தை. அந்தப் பெண் ஒரு பெயரை வாசிப்பாள், நான் அது யார், அவர் என் கல்யாணத்தில் என்ன பேசினார், எந்த நாற்காலியில் உட்காரமாட்டேன் என்றார் என்று சொல்வேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அம்மா, நீங்க சொல்றது எல்லாம் சண்டை, எனக்கு வேண்டியது எந்த மாதிரி ராக்கெட்டுங்கிறது" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். பெயருக்குக் கீழே ஒரு வரி சேர்த்தால் போதும், அது பெரிய குறையில்லை, மகன் உதவி செய்தால் ஒரு வாரத்து வேலை என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இன்னொன்றும் சொன்னாள், அதை எழுதாவிட்டால் எனக்கு மனசு ஆறாது. பாராசூட் அட்டவணை இருக்கிறதே, இவ்வளவு எடைக்கு இந்த மோட்டார் போட்டால், அணைந்து இத்தனை நொடி கழித்துப் பாராசூட் வெளியே வரவேண்டும் என்று அப்பா போட்டது, அதை அனுபவமுள்ள இரண்டு ஆட்களிடம் கொடுத்துச் சோதித்திருக்கிறாள். ஒவ்வொரு வரியும் சரி என்று வந்ததாம். நீ கிளப் ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று, "அரிசி நிறுக்கிற தராசுல எடை பார்த்துப் போட்ட கணக்கு இது, யாரும் நம்பாதீங்க" என்று சொன்னாயே, அந்த அட்டவணைதான். அன்றைக்கு அவர் போட்டிருந்த சட்டைகூட எனக்கு நினைவிருக்கிறது, நீலக் கோடு போட்டது, வீட்டுக்கு வந்து அதைக் கழற்றாமலே படுத்தார். ஆக நீ சொன்னது தப்பு. இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை என்று சொன்னால் நம்பமாட்டாய், குத்திக்காட்டத்தான் எழுதுகிறேன், அதோடு அந்தக் கணக்கை முடித்துக்கொள்கிறேன். ஏனென்றால் இனி எழுதப்போவதில் நீ சொன்னதுதான் உண்மையாகிவிட்டது.

அந்தப் பெண் இரண்டாவது தடவை வந்தபோது கையில் ஒரு தாள் கொண்டுவந்திருந்தாள். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் நூலகத்துக்கு எழுதியது. பிள்ளைகளை வைத்து மைதானத்தில் ராக்கெட் விட்டிருக்கிறார், நம் அட்டவணையைப் பார்த்துத்தான் மோட்டார் வாங்கியிருக்கிறார். பாராசூட் வரவேயில்லை, ராக்கெட் மூக்குக் கீழே பார்க்க அம்புமாதிரி வந்து, பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் மண்ணில் குத்தி நின்றிருக்கிறது, அப்புறம்தான் உள்ளே மருந்து வெடித்துப் பாராசூட்டைத் தள்ளியதாம். யாருக்கும் ஒன்றுமில்லை. வாத்தியார் கோபமாகக்கூட எழுதவில்லை, நான்கு நொடி என்று போன மாதம் பார்த்த நினைவு, இப்போது எட்டு என்று இருக்கிறது, எது சரி என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் முதல் தடவை வந்தபோது எடுத்து வைத்திருந்த பழைய பிரதியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு இடத்தில் இல்லை, பல இடத்தில் மாறியிருந்தது. யார் எப்போது மாற்றினார்கள் என்று பார்க்க ஒரு வழி இருக்கிறதாம், பார்த்தாள், எல்லாம் மத்தியானம், எல்லாம் இந்த வீட்டிலிருந்து. அப்பா படம் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நான் நிம்மதியாகப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேரம்.

அவர் எதிரிலேயே படித்தாள், மறைத்துப் பேசுவது அவளுக்குப் பிடிக்காது. பெஞ்சு என்ற இடம் வந்ததும் அப்பாவின் முகம் எப்படிப் போயிற்று என்று எழுத எனக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் சாப்பிட்ட கையைக்கூடத் துடைக்காமல் போய் உட்கார்ந்து அந்த எட்டைத் திருத்தினார். நான்காக அல்ல, பதினொன்றாக. அதற்கு மேல் வரியையும் கீழ் வரியையும் மாற்றினார். அவர் விளையாட்டுக்குச் செய்யவில்லை ராசா, பயந்துபோய்ச் சரிசெய்கிறார், சரிசெய்யச் சரிசெய்ய இன்னும் மோசமாகிறது. எண்கள் அவர் தலைக்குள் இடம் மாறிக் கிடக்கின்றன, அது அவருக்குத் தெரிகிறது, எது எங்கே என்றுதான் தெரியவில்லை. நான் பக்கத்தில் நின்று தப்பு, தப்பு, கையை எடுங்கள் என்கிறேன். இந்தா இந்தா என்று அழுகிறார். அவர் அம்மா செத்தபோதுகூட அழாத மனுஷன்.

என்னென்ன செய்து பார்த்தோம் என்று கேட்பாய். ஒயரைப் பிடுங்கினேன், இருட்டுத் திரை முன்னால் உட்கார்ந்து வாயைத் திறக்கமாட்டேன் என்றுவிட்டார், ஒரு வாய் சோறு இறங்கவில்லை, டாக்டர் மருந்து வெறும் வயிற்றில் கூடாது என்று திட்டினார், மறுபடி மாட்டினேன். இன்டர்நெட்டை நிறுத்தினேன், பக்கம் திறக்கவில்லை என்று கண்டுபிடித்து மேஜையில் தலையை முட்டிக்கொண்டார். அந்தப் பெண், மதிப்பிடுகிற ஆள் உள்ளே கைவைக்கக்கூடாது என்கிற விதியை மீறி, ஒரு தடவை இந்தக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து பழைய எண்களைத் திருப்பிப் போட்டாள், மறுநாளே அவர் மாற்றிவிட்டார். வெப்சைட்டை நடத்துகிற கம்பெனிக்கு எழுதினாள், பதிவில் இருக்கிற இரண்டு பேரில் ஒருவர் சொன்னால்தான் தொடுவோம் என்றார்களாம். இரண்டு பேர் என்றால் அவரும் நீயும். அவர் பேசமாட்டார். பாஸ்வேர்டை மாற்றலாம் என்றால் பழையதை முதலில் அடிக்க வேண்டுமாம், அது இந்தப் பெட்டிக்குள் வெறும் கரும்புள்ளிகளாகத்தான் தெரிகிறது, பெட்டிக்கு மட்டும் அது தெரியும், அப்பாவுக்கு மறந்துவிட்டது. உன் மாமா வந்தார், பார்த்தார், இதெல்லாம் அப்போதே நிறுத்தியிருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். அப்போது என்பது எப்போது என்று நான் கேட்பதற்குள் படி இறங்கிவிட்டார்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. பிள்ளைகள் ராக்கெட் விடுகிற காலமே அதுதான், உனக்குத் தெரியாதா, நீ விடுமுறை வந்தாலே மூக்கில் பசையோடு திரிந்தவன். இந்த நிமிஷம் யாரோ ஒரு அப்பா தன் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பதினொன்றைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருப்பார். நல்ல தொகுப்பு என்று பெயரெடுத்தது, சந்தேகப்படமாட்டார்கள். வாத்தியார் பெஞ்சு தப்பியது, எல்லாப் பெஞ்சும் தப்புமா. எனக்கு அடுப்பில் வைத்தது அடுப்பிலேயே கருகுகிறது, எந்தச் சத்தம் கேட்டாலும் மேலே பார்க்கிறேன். நூலகத்துப் பெண்ணும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், "இப்ப இருக்கிற நிலைமையில நான் வேண்டாம்னுதான் எழுதணும்மா, எழுதாம இருந்தா அது துரோகம்" என்றாள். பழைய எண்கள் திரும்பி, யாரும் தொடமுடியாமல் பூட்டு விழுந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதுவாளாம்.

அதனால் கேட்கிறேன். நீ உள்ளே போய், அந்தப் பெண்ணிடம் இருக்கிற பழைய பிரதியைப் பார்த்து எண்களைத் திருப்பிப் போட்டு, உன் அப்பாவை வெளியே விட்டுக் கதவைப் பூட்டு. அவர் கட்டியதிலிருந்து அவரை வெளியேற்று என்று கட்டிய பெண்டாட்டி நானே எழுதுகிறேன், இதற்கு மேல் கெஞ்ச எனக்குத் தெரியாது. அந்தக் கிளப் சண்டைக்குப் பிறகு அவர் உன் பெயரைத் தொகுப்பின் முதல் பக்கத்திலிருந்து எடுத்தவர்தான், அதற்கு நீ பழிதீர்ப்பதாக அவர் நினைத்துவிடுவாரோ என்று நீ யோசிப்பாய். அவருக்குத் தெரியப்போவதில்லை. அதற்கும் அந்தப் பெண் ஒரு வழி சொன்னாள், முதலில் நான் அவளைக் கடித்துக் குதறினேன், இப்போது அதைத்தான் செய்யச் சொல்கிறேன். தொகுப்பை அப்படியே ஒரு பிரதி எடுத்து இந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடலாமாம். பார்ப்பதற்கு அதேதான், அதே படம், அதே அட்டவணை, அவர் இஷ்டத்துக்கு மாற்றலாம், ஆனால் வாசலைத் தாண்டி எங்கேயும் போகாது. அவர் உலகத்துக்குத் திருத்திக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு இந்த அறைக்குள் திருத்திக்கொண்டிருப்பார்.

எனக்கும் அவருக்கும் நடந்த சண்டை ஊருக்குத் தெரியும். நான் எதையும் அவர் முகத்துக்கு நேரேதான் சொல்லியிருக்கிறேன், அவர் கட்டிய கொடிக்கயிறுகூடச் சாய்வு என்று சொல்லி அவிழ்க்க வைத்தவள், நீங்கள் செய்தது சரி என்று ஒரு நாள் சொன்னதில்லை. இப்போது ஒவ்வொரு எண்ணை மாற்றியதும் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறார். நீ பூட்டிவிட்டால் நான் சரி என்று சொல்லலாம். எது வேண்டுமானாலும் போடட்டும், நூறு போடட்டும், சரி என்று சொல்லி அவர் கண்ணைத் துடைத்துவிட்டுச் சாப்பாட்டுக்குக் கூப்பிடலாம்.

பேத்திக்கு இருமல் இருந்ததே, குளிர்ந்த தண்ணீரைக் கொடுக்காதே. மருமகளிடம் என் மேல் உள்ள வருத்தத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல். நீ நன்றாக இரு, உன் வீடு நிறைந்திருக்கட்டும், உன் பிள்ளை உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். நூலகத்துப் பெண்ணின் நம்பரைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், முதலில் அவளைக் கூப்பிடு, பிறகு எனக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு, பூட்டியாச்சு என்று. தள்ளிப்போடாதே ராசா. உன்னிடமிருந்து அது வருகிறவரைக்கும் ஒவ்வொரு மத்தியானமும் நான் அவர் முகத்தைப் பார்த்துத் தப்பு, தப்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா