ஒன்பது பக்க விதி

தா.பழூர்
12.10.2004

மகன் அறிவரசனுக்கு அம்மா வேம்பு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், அப்பாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. உன் தங்கை புவனேஸ்வரியின் குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, மூக்கு அப்படியே உன்னுடையது. நீ சுகமா என்று கேட்க மனசு வரவில்லை, ஆனாலும் பெற்றவள், கேட்கிறேன்.

உன் பதில் வந்தது. தபால் படிப்புக்கான எண்பது பக்க விதியை ஒன்பது பக்கமாகச் சுருக்கியதற்குத் துணைவேந்தரே உன்னைப் பாராட்டினார் என்று எழுதியிருக்கிறாய். அட என் ராசா! பழைய பாடத்திட்டத்தில் தபாலில் படிக்கிறவர்கள் முப்பது நாளைக்குள் புதியதற்கு மாற எழுதிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பேரை அடித்துவிடுவோம் என்று உன் ஆபீஸ் பதிவுத் தபால் அனுப்பியது. அது விக்கிரமங்கலத்துக்கு, உன் தங்கையின் மாமியார் வீட்டுக்குப் போனது. உன் தங்கை இங்கே என்னிடம் பிள்ளை பெற்று இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. சம்பந்தி அம்மாக்கண்ணு கையெழுத்துப் போட்டு வாங்கி, பத்திரமாகப் பெட்டியில் வைத்துவிட்டாள். பச்சை உடம்புக்காரி எழுத்துப் படித்தால் கண் போய்விடும் என்று பயந்து, முப்பது நாள் தீட்டுக் கழித்துப் பேர் வைக்க வந்த அன்றைக்குத்தான் காப்போடும் சட்டையோடும் சேர்த்துக் கொடுத்தாள். தபாலில் போட்டிருந்த தேதியிலிருந்து எண்ணினால் கெடு முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பாவம், விஷயம் தெரிந்ததும் அவள் சோறு தின்னாமலே பஸ் ஏறிப் போய்விட்டாள். அவளை ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவள் இடத்தில் இருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். நீ பிறந்தபோது எனக்குக் காலண்டரைக்கூடக் காட்டவில்லை. இந்த வீட்டில் பிறந்து வளர்ந்த உனக்கு இது தெரியாதா?

புவனா பழைய எண்பது பக்க விதிப் புத்தகத்தை எடுத்துக் காட்டினாள். பிரசவமானவர்களுக்கு டாக்டர் சீட்டு வைத்தால் ஆறு மாதம் தவணை உண்டு என்று அதில் இருக்கிறது. உன் ஒன்பது பக்கத்தில் பிரசவம் என்ற சொல்லே இல்லை. யாருக்கும் புரியாத எத்தனையோ இருந்திருக்கும், அதையெல்லாம் வெட்ட வேண்டியதுதான், யார் வேண்டாமென்றது? இதை எதற்கடா வெட்டினாய்? இன்னும் இரண்டு பேப்பர் எழுதினால் அவள் பி.ஏ. முடித்து, பி.எட். சேர்ந்து டீச்சராகலாம். மூன்று வருஷம் அரிசி களைந்துகொண்டே படித்தாள். நம் குடும்பத்தில் களை வெட்டாத முதல் பொம்பளையாக அவள் இருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

அதைவிட எனக்கு வயிறு எரிந்தது உன் கடுதாசியின் கடைசிப் பக்கத்தைப் படித்துத்தான். யாருக்கும் சொல்லாதீங்க, தங்கச்சி மனுவை மட்டும் முன்தேதி போட்டு எடுத்துக்கறேன் என்கிறாய். அதைப் புவனாவிடம் படித்துக் காட்டினேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் சொன்னாள், ஏலாக்குறிச்சி அம்சவள்ளியும் என்கூடத்தாம்மா பரீட்சை எழுதுனா, அவளுக்கும் ஆடியிலதான் பிள்ளை பொறந்துச்சு, பேரும் போயிடுச்சு, அவளுக்கு அண்ணன் இல்லியே, என்று. திருட்டுத் தேதியில் எனக்கு டிகிரி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். உன்னைவிட இளையவள், சொன்னாள் பார்.

இத்தோடு இரண்டு பேர் மனுவும் டாக்டர் சீட்டும் வைத்திருக்கிறேன், இரண்டிலும் இன்றைய தேதிதான். உன் துணைவேந்தர் முன்னால் வை. வெட்டியது தப்பு என்று உன் வாயால் சொல், பத்தாவது பக்கம் ஒன்று சேர்.

உனக்கும் மருமகளுக்கும் பேரனுக்கும் என் ஆசீர்வாதம். வேளைக்குச் சாப்பிடு. தை மாதம் குழந்தைக்குக் காது குத்து, தாய்மாமன் மடி வேண்டும். அந்தப் பக்கத்தோடு வந்தால் உன் மடி. வெறுங்கையோடு வந்தால் ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ, உன் சித்தப்பா மகன் மடியில் குத்திக்கொள்கிறோம். புவனாவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். அவள் அழுதாள், ஆனால் சரி என்றாள்.

இப்படிக்கு
உன் அம்மா
ரா. வேம்பு