சூப் உறிஞ்சும் சத்தம்

அக்டோபர் 9, 1995, திங்கள்

இந்தக் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். யார் மன்னிப்பது என்றுதான் தெரியவில்லை. என்னைத் தவிர இந்த நோட்டை யாரும் பார்க்கப்போவதில்லை. இருந்தாலும் கேட்டுவைக்கிறேன். வரிகள் மலையேறும் ஆடுகள் மாதிரி மேலே மேலே போகின்றன. எஸ் என்ற எழுத்து மட்டும் எப்போது எழுதினாலும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறது.

என் பெயர் ஃபெஸ்டி காஃபர்கி. வயது எழுபத்தாறு. இதை நானே எழுதினேன்! இன்னொரு முறை எழுதிப் பார்க்கிறேன். ஃபெஸ்டி காஃபர்கி.

நூலகத்தில் திங்கட்கிழமைகளில் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் டெர்வ்லா, "வாரத்துக்கு ஒரு தடவையாவது எழுதுங்க பெரியவரே. தப்பு இருந்தா இருக்கட்டும், போலீஸா வரப்போகுது?" என்றாள். இவ்வளவு எழுதுவதற்குள் டீ ஆறிப்போய்விட்டது. அடுத்துப் போட்ட டீயும் ஆறிவிட்டது.

அக்டோபர் 16

கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிறேன். டீ டப்பா, உர மூட்டை, பேருந்தின் பின்பக்கம். என் பன்றிக் கொட்டகைக்குக் கதவாக ஒரு பழைய தகரப் பலகையை வைத்திருக்கிறேன். ஊர் நிலத்தையெல்லாம் வைத்திருந்த இங்கிலாந்துப் பிரபுவின் மாளிகை எரிந்த பிறகு என் அப்பா அங்கிருந்து தூக்கிவந்தது. இன்று அதையும் வாசித்தேன். 'அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்.' இத்தனை வருடமாக என் பன்றிகள் அதைத் தள்ளிக்கொண்டுதான் போய்வந்திருக்கின்றன. ஈரத்தரையிலேயே உட்கார்ந்து சிரித்தேன். பன்றிகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தன.

அக்டோபர் 23

சின்ன வயதில் ஏன் படிக்கவில்லை என்று டெர்வ்லா கேட்டாள். கடல்பாசி வாரப் போய்விட்டேன் என்றேன். பாதி உண்மை.

மீதி உண்மை இங்கே இருக்கட்டும். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த முதல் வாரம், நான் உள்ளே வரும்போதெல்லாம் பின்வரிசைப் பையன்கள் உறிஞ்சும் சத்தம் எழுப்பினார்கள். ஸ்ஸ்ஸ்ர்ர்ப். சூடான சூப்பை உறிஞ்சுகிற மாதிரி. வாத்தியார் அதட்டுவார் என்று பார்த்தேன். அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் நான் போகவில்லை. அப்பாவும் ஏன் என்று கேட்கவில்லை. அவரும் அந்தச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்தானே.

நவம்பர் 5, ஞாயிறு

பூசை முடிந்து வெளியே வரும்போது மாதா கோயில் கதவில் ஒரு காகிதம். முன்பெல்லாம் மற்றவர்கள் வாசித்துப் பேசிக்கொள்வதைக் காதில் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவேன். இன்று நின்றேன். பின்னால் கூட்டம் முட்டியது, நான் நகரவில்லை.

பெரும்பஞ்சம் வந்து நூற்றைம்பது வருடம் ஆகிறது. நம் ஊர்க் கடற்கரையில் நினைவுக்கல் வைக்கப்போகிறார்கள். பசியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள், செத்தவர்களின் பெயர்களைக் கமிட்டியிடம் கொடுத்தால் கல்லில் வெட்டுவார்களாம்.

கோயில் கதவில் நானாக வாசித்த முதல் அறிவிப்பு. அதுவும் என்னைக் கூப்பிடுகிற அறிவிப்பு.

பீட்டர். பிட். நாப்பி. என் தாத்தா ஆன்டனிக்கு முன்னால் பிறந்து பசியில் போன மூன்று பிள்ளைகள். தாத்தா ஜெபத்தின் கடைசியில் அந்தப் பெயர்களைச் சொல்வாராம். அப்பாவும் சொன்னார். நானும் சொல்கிறேன். எனக்குப் பிள்ளையில்லை. எனக்குப் பிறகு கல்தான் சொல்ல வேண்டும்.

நவம்பர் 7

பெயர்களை என் கையாலேயே எழுதிக்கொண்டு மது விடுதிக்குப் போனேன். கமிட்டித் தலைவன் மார்ட்டி பேடன் அங்கேதான் இருப்பான். என் வயதுக்காரன். அந்தப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவன்.

காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இதை எழுதினது நீயா, இல்ல உன் கோழியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையெழுத்து அப்படித்தானே இருக்கிறது.

அப்புறம் பெயர்களைப் பார்த்தான். முகம் மாறியது.

"டேய் ஃபெஸ்டி, இது பட்டினியில செத்தவங்களுக்கு வைக்கிற கல்லுடா."

"இவங்களும் பட்டினியிலதான் செத்தாங்க."

"உங்க ஆளுங்களுக்குத்தான் சாப்பாடு கிடைச்சுதே?"

சொல்லிவிட்டு பீரை எடுத்து உதட்டில் வைத்து உறிஞ்சினான். ஸ்ஸ்ஸ்ர்ர்ப். கடை முழுக்கச் சிரிப்பு. இந்த முறை நான் சிரிக்கவில்லை.

நவம்பர் 8

அந்தச் சத்தம் காதைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. சனியன்.

நவம்பர் 19

எழுதினால்தான் ஆறும் போலிருக்கிறது. பெரிய எழுத்தாக எழுதுகிறேன்.

மண்ணுக்குள் உருளைக்கிழங்கு அழுகியபோது இந்த ஊரில் தானியம் இல்லாமல் போகவில்லை. ஓட்ஸ் விளைந்தது. அது பிரபுவின் குத்தகைக்குப் போனது. பட்டாளத்தான் துப்பாக்கியோடு காவல் நிற்க, துறையில் மூட்டை ஏற்றினார்கள். இங்கிலாந்துக்கு. ஏற்றிக்கொடுத்த கூலிகள் நம் ஆட்கள்தான். அதிலும் பாதிப் பேர் வரப்பில் புல்லைத் தின்று செத்தார்கள்.

அதற்குப் பிறகு வேதப் புத்தகத்தோடும் ஒரு பெரிய கொப்பரையோடும் ஒரு இங்கிலாந்துப் புராட்டஸ்டன்ட் பாதிரி வந்தார். அவர்களுடைய மதம், அவர்களுடைய ஆட்சி. பூசையை விட்டுவிட்டு எங்கள் ஜெபத்துக்கு வா, சூப் தருகிறேன் என்றார். அதையும் வெள்ளிக்கிழமையாகப் பார்த்து இறைச்சி போட்டுக் காய்ச்சினார். கத்தோலிக்கர்களான நமக்கு வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாது; குடித்தால் நம் கணக்கில் பாவம். குடித்துவிட்டோம் என்பது ஊருக்கெல்லாம் தெரிய வேண்டும், அதுதான் எண்ணம்.

தாத்தாவின் அம்மா சபீனா மூன்று பிள்ளைகளைப் புதைக்கும்வரை போகவில்லை. மூன்று! நாலாவதாக ஆன்டனியின் வயிறு உப்பத் தொடங்கியதும் அவனைத் தூக்கிக்கொண்டு கொப்பரையிடம் போனாள். அந்தச் சூப்பினால்தான் நான் இருக்கிறேன். இதில் என்னடா தப்பு? பிள்ளையைச் சாகவிட்டிருந்தால் உத்தமி என்று கல்லில் வெட்டியிருப்பீர்களோ?

பஞ்சம் போன பிறகு அவள் திரும்பி வந்தாள். கோயில் நடுவில் முட்டிபோட்டு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாள். கடவுள் மன்னித்திருப்பார். ஊர் மன்னிக்கவில்லை. அன்றிலிருந்து நாங்கள் சூப்புக்காரர்கள்.

பிரபு போனான். பட்டாளம் போனது. பாதிரியும் போனார். கொப்பரையை மட்டும் நாமே வைத்துக்கொண்டோம். அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்கிறோம். இங்கிலாந்துக்காரன் இதற்குக் கூலிகூடத் தர வேண்டியதில்லை.

டிசம்பர் 3

ஃபாதர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், சின்ன வயது, வெளியூர்க்காரர். டீயைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"உங்க பக்கம் நியாயம் இருக்கு ஃபெஸ்டி. ஆனா காஃபர்கி பேரு வந்தா எங்க பேரை எடுத்துடுங்கன்னு நாலு குடும்பம் சொல்றாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"சபீனா பேரு நான் கேட்கலையே ஃபாதர். செத்த பிள்ளைங்க பேருதானே? ஒரு சொட்டு சூப்கூடக் குடிக்காததுங்க."

அவர் டீயை மேசையில் வைத்தார். "பேசிப் பார்க்கிறேன்" என்றார்.

வெளியே போகும்போது கொட்டகைக் கதவைப் பார்த்துச் சிரித்தார். அந்தப் பலகையை அவருக்கு நானே வாசித்துக் காட்டினேன். அது ஒரு சந்தோஷம்.

ஜனவரி 22, 1996

வகுப்பு. எஸ் இன்னும் திரும்பவில்லை. "அன்னத்தோட கழுத்து மாதிரி வளைங்க" என்றாள் டெர்வ்லா. என்னுடையது கழுத்து முறிந்த வாத்து மாதிரி இருக்கிறது. இரண்டு பேரும் சிரித்தோம்.

பிப்ரவரி 18, ஞாயிறு

முடிவு வந்துவிட்டது. யாருடைய பெயரும் வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டார்கள்.

கோயில் வாசலில் மார்ட்டியே சொன்னான். "யார் மனசும் நோக வேண்டாம்னுதான். எல்லாருக்கும் பொதுவா ஒரு வரி."

"உன் கொள்ளுத்தாத்தாவோட பிள்ளைங்க பேரும் போகுதேடா, மார்ட்டி."

"போகட்டும்."

அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. என் ஆட்களின் பெயருக்குப் பக்கத்தில் இருப்பதைவிட, தங்கள் பிள்ளைகளுக்குப் பெயரே இல்லாமல் போகட்டும் என்று நினைக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் இன்னொரு முறை செத்தன. எல்லா வீட்டுக் குழந்தைகளும்.

பிப்ரவரி 26

வகுப்புக்குப் போகவில்லை. எதற்கு?

மார்ச் 4

போனேன். டெர்வ்லா பென்சிலைச் சீவிக் கையில் கொடுத்தாள்.

மே 12, ஞாயிறு

இன்று கல் திறப்பு. போகக் கூடாது என்று இருந்தேன். சட்டையை இஸ்திரி போட்டதும் நான்தான், போனதும் நான்தான்.

கடலிலிருந்து மழை சாய்ந்து அடித்தது. துணியை விலக்கினார்கள். முன்னால் போய் நின்று வாசித்தேன். 'பசியால் மாண்ட நம்மவர் நினைவாக.' நம்மவர். நல்ல சொல். அதற்குள் நான் இருக்கிறேனா என்று தேடிக்கொண்டு நின்றதில் தொப்பி நனைந்துவிட்டது.

எல்லோரும் குளிரில் விறைத்துப்போய் ஊர் மன்றத்துக்குள் ஓடினோம். பெண்கள் எங்களுக்குச் சூடாக ஏதோ காய்ச்சி வைத்திருந்தார்கள். மேசையில் ஒரு பெரிய பாத்திரம், அகப்பை, அடுக்கடுக்காகக் குவளைகள்.

சூப்.

யாருக்கும் அது தோன்றவே இல்லை, சத்தியமாக. குளிருக்கு வேறு என்ன கொடுப்பார்கள்? வரிசையில் நின்று வாங்கினார்கள். நாலு குடும்பமும் வாங்கியது. கொதிக்கக் கொதிக்க இருந்ததால் எல்லோரும் உறிஞ்சித்தான் குடிக்க வேண்டியிருந்தது. ஸ்ஸ்ஸ்ர்ர்ப். ஸ்ஸ்ஸ்ர்ர்ப். மன்றம் முழுக்க அந்தச் சத்தம். பள்ளிக்கூட வாசலில் நிற்கிறேனோ என்று ஒரு நொடி கால் தயங்கியது. பிறகு நானும் போய் ஒரு குவளை வாங்கிக்கொண்டு மார்ட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவன் குவளையை உதட்டில் வைத்து இழுத்தான். என்னைப் பார்த்தான். பாதியில் நிறுத்தினான். அப்போதுதான் அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும். காதுவரை சிவந்துவிட்டது.

"குடி மார்ட்டி, ஆறிடப்போகுது" என்றேன். "ஞாயித்துக்கிழமைதானே. இறைச்சி கிடந்தாலும் பாவமில்ல."

அவன் குவளைக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தான். பிறகு, "உப்பு கம்மி" என்றான்.

அவ்வளவுதான். மன்னிப்பு என்று எதுவும் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சத்தமே வராமல், சிறுகுழந்தை மாதிரி ஊதி ஊதி அவன் அதைக் குடித்து முடித்ததைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து இந்தப் பக்கத்தைத் திறந்தேன். கல்லில் இல்லாததை இங்கே எழுதுகிறேன்.

பீட்டர் காஃபர்கி.
பிட் காஃபர்கி.
நாப்பி காஃபர்கி.

நேராக வந்திருக்கிறது. அடுத்தது சபீனா. அவள் பெயருக்கும் எஸ், சூப்புக்கும் எஸ். மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபம் இருக்காதா என்ன? நாளை வகுப்பில் இன்னும் கொஞ்சம் பழகிக்கொள்கிறேன். அடுத்த வாரம் அவளை நேராக நிற்கவைத்து எழுதுகிறேன்.