திரும்பும்போது மூன்று பேர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் முட்டி மட்டும் படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் "நல்லா இருக்கேன்பா" என்பதைத் தவிர வேறு பதில் வருவதில்லை, அதனால் இந்த முறை கேட்கவில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுவாய், கடிதம் என்றால் முழுசும் படித்துத்தானே ஆக வேண்டும்.

விஷயம் இதுதான். நாங்கள் இரண்டு பேரும் நம் காரிலேயே எல்லை தாண்டி உன்னைப் பார்க்க வருகிறோம். பஸ் அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது, பத்து நிமிஷத்தில் வாந்தி. இருபத்தெட்டு வருஷம் அந்த ரோட்டில் லாரி ஓட்டியவனுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று மார்தட்டிக்கொண்டுதான் பெர்மிட் ஆபீசுக்குக் கிளம்பினேன். அதை வாங்குவதற்குள் நாக்கு தள்ளிவிட்டது. அப்போதெல்லாம் கம்பெனி கிளார்க் எல்லாப் பேப்பரையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுப்பார், நான் திரும்பும்போது என்ன ஏற்றி வருகிறேன் என்று ஒரு வரி எழுதி எல்லையில் நீட்டுவேன், அவ்வளவுதான். இப்போதுதான் தெரிகிறது, ஆளுக்கு ஒரு பெர்மிட், வண்டிக்கு ஒரு பெர்மிட், இரண்டுக்கும் வேறு வேறு ஜன்னல், ஒன்று திறக்கும் நேரத்தில் மற்றது சாப்பாட்டுக்கு மூடிவிடும். வண்டிப் புத்தகம் வேண்டும், அந்தப் பக்கமும் செல்லுபடியாகிற இன்சூரன்ஸ் வேண்டும், நம்பர் தெரிகிற மாதிரி வண்டியின் போட்டோ வேண்டும். போட்டோவில் அம்மா தலைவாரிக்கொண்டு வந்து வண்டியோடு சேர்ந்து நின்றுவிட்டாள். வண்டி மட்டும் போதும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை.

வண்டி பாரத்தின் கடைசியில் இரண்டு கட்டம் இருக்கிறது, போகும்போது, திரும்பும்போது என்று. முதல் கட்டத்தில் இரண்டு பேர் என்று எழுதினேன். இரண்டாவதில் என் கை அதுபாட்டுக்கு 'காலி' என்று எழுதிவிட்டது. சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு வருகிறவன் வேறு என்ன எழுதுவான். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், உன் வயதுதான் இருக்கும், சிரிப்பை அடக்கிக்கொண்டு, அப்ப இவங்களை அங்கேயே விட்டுட்டு வரப்போறீங்களா என்று கேட்டாள். அம்மா என்னை முறைத்தாள், நான் அசடு வழிந்தேன். அடித்துத் திருத்தக் கூடாதாம், புதுப் பாரம் கொடுத்தாள். கூடவே, திரும்பும்போது ஆள் குறைந்தால் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள், பாரத்தில் இல்லாத ஆள் ஒருவர் கூடினால் எல்லையிலேயே இறக்கிவிடுவார்கள், யோசித்து எழுதுங்கள் என்றாள். எல்லோருக்கும் சொல்வதுதான். எனக்குத்தான் அதற்குப் பிறகு பேனா ஓடவில்லை, பாரத்தை எடுத்துக்கொண்டு போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

கல்யாணமான முதல் வருஷம் ஒரு நாள் போன் பண்ணி, "நான் வீட்டுக்கு வந்துடட்டுமாப்பா" என்று கேட்டாயே. என்ன ஏது என்றுகூட நான் விசாரிக்கவில்லை. லோடு ஏற்றி முடித்துக் கிளம்புகிற அவசரம், கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. மாப்பிள்ளையை விட்டு வந்து நாலு மாதமாகத் தனியாக அறை எடுத்து இருக்கிறாய் என்பதையும் அம்மாவிடம்தான் சொன்னாய். உன்மேல் எனக்கு வருத்தமில்லை. நான் அன்று சொன்னது தப்பும்மா, அதை நினைத்தால் இப்போதும் மனசை அறுக்கிறது.

பெஞ்சில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவளைக் கேட்காம எழுதாதீங்க, அவ முடிவு அவளோடது" என்றாள். நியாயம்தான். ஆனாலும் திரும்பும்போது மூன்று பேர் என்று எழுதினேன். உன் பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் மகள் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பெண் படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினாள்.

நீ வந்தே ஆக வேண்டும் என்று இல்லை. அங்கே உனக்கு வேலை இருக்கிறது, நாலு பேர் பழக்கம் இருக்கிறது. உன்னைக் கண்ணால் பார்த்துவிட்டு நாங்கள் இரண்டு பேராகவே திரும்பினாலும் எனக்கு நிம்மதிதான். ஆனால் வரத் தோன்றினால், இந்தத் தடவை வழியில் எந்தத் தடையும் இருக்கக் கூடாது. முதல் தடவை நானே தடையாக இருந்துவிட்டேன்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதி கிளம்புகிறோம், பதினைந்து நாளைக்கு பெர்மிட். உன் தெருவில் கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்று பார்த்து வை. நேரத்துக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேருக்கும் வேறு வேண்டுதல் இல்லை. இன்னொன்று, உன் பாஸ்போர்ட்டில் தேதி எதுவரை இருக்கிறது என்று ஒரு தடவை எடுத்துப் பார். சும்மாதான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா