பதினேழு துண்டுக் கயிறு

4 ஜூன்

அணிலுக்கு,

நேற்றுக் காலை ஆறே முக்காலுக்கு, எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழுச் சுயநினைவோடு, பற்பசையைக் கைவிட்டுப் பற்பொடிக்கு மாறிவிட்டேன். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் நான் தனியாக எடுத்த முடிவுகளில் இது இரண்டாவது. முதலாவதற்காகத்தான் நீ பையைத் தூக்கிக்கொண்டு உன் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாய்.

மறுபடியும் சொல்கிறேன். கிளை வெட்ட நீ மரம் ஏறும் அந்தக் கயிறு பழசு. பழைய கயிற்றை யாரும் தெரியாமல் எடுத்து ஏறிவிடக் கூடாதென்று துண்டு போடுவது நம் தொழில் வழக்கம். போட்டேன். பதினேழு துண்டு. ஐம்பத்திரண்டு வயதில் இனி நீ ஏற வேண்டாம். கூடை வைத்த லாரி ஒன்றை ஏற்பாடு செய்திருக்கிறேன். உள்ளே நின்று பட்டனை அமுக்கினால் உச்சிக்கே கொண்டுபோய் நிறுத்தும். சட்டைகூடக் கசங்காது.

போனை நீ எடுப்பதில்லை என்பதால் எழுதுகிறேன். சகலையை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

7 ஜூன்

என்னங்க,

பற்பொடிச் செய்தி கிடைத்தது. எல்லோரும் கேட்கும்படி உரக்கப் படித்தேன். உங்கள் சகலை, "அண்ணன் சௌக்கியமா இருக்காருன்னு தெரியுது" என்றார்.

கயிறு பழசு என்கிறீர்கள். அதன் நுனியில் சிவப்பு டேப் ஒட்டி, வாங்கிய தேதியை எழுதியவள் நான். ஒன்றேகால் வருஷம்தான் ஆகிறது. ஞாயிறுதோறும் மடியில் போட்டு முழம் முழமாகத் தடவிப் பார்த்திருக்கிறேன். உங்கள் தலையில் எத்தனை முடி மிச்சம் என்று கேட்டால் யோசிக்க வேண்டும். அந்தக் கயிற்றில் எத்தனை இழை பிரிந்திருந்தது என்று கேட்டால் உடனே சொல்வேன்: ஒன்றுகூட இல்லை.

என் வயதை எந்த மரமும் இதுவரை விசாரித்ததில்லை. லாரியில் நீங்களே ஏறிக்கொள்ளுங்கள். கூடைக்குள் போவதற்கு நான் கத்தரிக்காய் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி (தற்சமயம் வெளியில்)

10 ஜூன்

அணிலுக்கு,

கத்தரிக்காயை ரசித்தேன்.

தொழில் விஷயம். பள்ளிக்கூடத்துத் தூங்குமூஞ்சி மரத்துக்கு லாரி போனது. வாசல் வளைவு லாரியைவிட ஒரு சாண் தாழ்வு. டிரைவர் இறங்கி வளைவைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மூன்றில் எதைக் குறைக்கலாம் என்று யோசித்த மாதிரி இருந்தது. பிறகு போய்விட்டார். "ஏறுற அம்மா எங்கே?" என்று தலைமையாசிரியை கேட்டார். வெளியூர் என்றேன்.

மூன்றாம் வகுப்பின் ஓட்டுக் கூரைக்கு மேலே நிற்கும் பெரிய கிளையில் ஓர் ஆள் நீளத்துக்கு விரிசல். மழைக்கு முன்னால் இறக்கியாக வேண்டும். பிள்ளைகளை இப்போதைக்கு வராந்தாவில் உட்கார வைத்திருக்கிறார்கள். வேறு ஆள் தேடுகிறேன். நீ இதில் தலையிட வேண்டாம். தகவலுக்காகச் சொன்னேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

13 ஜூன்

என்னங்க,

தலையிட்டுவிட்டேன். தலைமையாசிரியையிடம் பேசியாயிற்று. வருகிற திங்கட்கிழமை ஏறுகிறேன். புதுக் கயிறு வாங்கி, டேப்பும் ஒட்டித் தங்கையின் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். சாவி என் கழுத்தில்.

இதுவரை சொல்லாமல் வைத்திருந்ததை இப்போது சொல்கிறேன். மார்ச்சில், அந்தப் பங்களா மரத்தில், வெட்டிய கிளை ஊசலாடி வந்து என் விலாவில் மோதியதே, அதில் நான் ஏறிய கயிற்றுக்குப் பங்கே இல்லை. கிளையைக் கட்டி இறக்கும் கயிறு உங்கள் கையில் இருந்தது. நான் வெட்டியதும் அதை நழுவ விட வேண்டும். இரண்டு நொடி நீங்கள் விடவில்லை. உங்கள் விரல் மடங்கினால் விரிய மாட்டேன் என்கிறது. பற்பசை மூடியோடு நீங்கள் மல்லுக்கட்டுவதை ஆறு மாதமாகக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன். பொடிப் பொட்டலத்துக்கு மூடி கிடையாது.

உங்கள் கைக்கு வந்த கேட்டுக்கு என் காலை எதற்கு வெட்டினீர்கள்?

வீட்டுக்காரி

15 ஜூன்

அணில்,

கயிறு பழசு இல்லை.

அன்று நீ மோதிய சத்தம் கீழே எனக்குக் கேட்டது. விரலைப் பல்லால் கடித்து இழுத்து விரித்தேன். அடுத்த முறையும் விரியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதை உன்னிடம் சொல்வதைவிடக் கயிற்றை வெட்டுவது சுலபமாக இருந்தது. சரியாகச் சொன்னால், அதுவும் சுலபமாக இல்லை. கத்தரிக்கோலிலிருந்து விரலை விடுவிக்க அரை மணி நேரம் ஆனது.

போகாதே என்று சொல்ல எனக்கு முகமில்லை. இருந்தாலும் சொல்கிறேன். போகாதே.

17 ஜூன்

என்னங்க,

போகிறேன்.

கிளை இறக்கும் கயிற்றைப் பிடிக்கக் கோடாலியாரைப் பேசியிருக்கிறேன். ஆமாம், அவரேதான். இருபது வருஷமாக நம் வாடிக்கைக்காரர்களைக் கொத்திக்கொண்டு போகிற அதே ஆள். "உங்க வீட்டுக்காரர் என் கழுத்தைப் பிடிச்சா என்னக்கா பண்றது?" என்றார். "பிடிச்சா விடமாட்டாரு, அதான் அவருக்கு இப்ப வியாதியே" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொரு வேலைக்கு ஆள் இல்லை. ஒவ்வொரு வெட்டுக்கு முன்னாலும் மேலிருந்து "கீழே?" என்று கேட்பேன். கீழே நிற்பவர் நாலு பக்கமும் பார்த்து, யாரும் இல்லையென்றால் "காலி" என்று சொல்ல வேண்டும். அந்தப் பதில் வராமல் நான் ரம்பத்தை ஓட்டியதில்லை. இத்தனை வருஷமும் அது உங்கள் குரல். அதற்கு விரல் தேவையில்லை. கோடாலியாரை இதற்கு நம்ப முடியாது, எதைக் கேட்டாலும் "ஆமா" என்கிறவர்.

திங்கள், காலை ஏழு. டாக்டரிடம் கையைக் காட்டிவிட்டு வாருங்கள். தாமதமானால் வேறு ஆளை நிறுத்துவேன்.

வீட்டுக்காரி

21 ஜூன்

என்னங்க,

நேற்று நேரில் பேசத் தோதுப்படவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நாற்பத்தொரு முறை "கீழே?" என்றேன். நாற்பது முறை "காலி" வந்தது. ஒரு முறை "நிறுத்து!" வந்தது. வேலை எப்போது முடியும் என்று கேட்பதற்காகத் தலைமையாசிரியை சரியாகப் பெரிய கிளைக்கு அடியில் வந்து நின்றிருந்தார். கோடாலியார் கவனிக்கவில்லை. அவர் கண் கயிற்றில் இருந்தது, இருக்க வேண்டிய இடம் அதுதான். தலைமையாசிரியையை நீங்கள் அப்படி அதட்டியிருக்க வேண்டாம். ஆனாலும் அதட்டியது நல்லது.

கிளை குழந்தையை இறக்குவது போல இறங்கியது. ஓடு ஒன்றும் உடையவில்லை. இன்று காலை மூன்றாம் வகுப்பு உள்ளே போய்விட்டதாம்.

நான் இறங்கியதும் நீங்கள் என்னிடம் ஏதோ சொல்ல வந்து, கோடாலியாரிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டீர்கள். பார்த்தேன். கையில் டாக்டர் கட்டுப் போட்டிருப்பதையும் பார்த்தேன்.

அடுத்த வேலை வியாழக்கிழமை, ஆஸ்பத்திரி மதிலோரத்து மரம். ஏழு மணி. அந்தப் பதினேழு துண்டையும் எடுத்து வாருங்கள், விறகுக் கட்டுகளைக் கட்ட ஆகும்.

நான் இப்போதைக்குத் தங்கை வீட்டில்தான். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு நேர் பஸ் இருக்கிறது. மூன்று மாதத்துக்குப் பாஸ் எடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
அணில்