பக்கத்து இருக்கையின் பிரேக்

என் பாப்பாவுக்கு,

வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நீ நன்றாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம், இந்த முறை அப்படி எழுதக் கை கூசவில்லை. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்பாய், இந்த இரண்டு அறை வீட்டில் எங்கே நின்று பேசினாலும் அப்பா காதில் விழும், அதனால் அவர் தூங்கியபிறகு சமையல் மேடையில் தாளை வைத்து எழுதுகிறேன். முதலில் ஒரு பொய்யை ஒத்துக்கொள்கிறேன். ஞாயிறுதோறும் நீ கூப்பிடும்போது அப்பா தூங்குகிறார், குளிக்கிறார் என்றேனே, அவர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். பக்கவாதம் வந்த முதல் மாதம் உன் பெயரைச் சொல்லப்போய் வாயில் வேறேதோ வந்து, நீ அழுதுவிட்டாய் அல்லவா, அன்றிலிருந்து போன் அடித்தாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார். உன்மேல் கோபமில்லை தங்கம், வெட்கம். உன்னைக் குறை சொல்லவும் இல்லை, நானும் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதவள்தானே.

கைகால் மெல்லத் தேறுகிறது, மனுஷர்தான் வீட்டுக்குள்ளேயே சுருங்கிப்போனார். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர், வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே உள்ளறைக்குப் போய்விடுவார். வருகிறவர்களும் லேசுப்பட்டவர்களா என்ன. டிரைவிங் ஸ்கூல் முதலாளி வந்தார், அப்பாவை எதிரில் வைத்துக்கொண்டே என்னிடம், சாப்பிடறாரா, தூங்கறாரா, ஒழுங்கா வெளிக்குப் போறாரா என்று விசாரித்தார், நானும் மக்கு மாதிரி வரிசையாகப் பதில் சொன்னேன். போகும்போது காது கேளாதவரிடம் பேசுவதுபோல, ரெஸ்ட் எடுப்பா என்று ஒரு கத்தல். அன்றைக்கு அப்பா தட்டைத் தள்ளிவிட்டார். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண், உன்னைவிட நாலைந்து வயது கூட இருப்பாள், போன வாரம் என்னைத் தனியே கூப்பிட்டு, அக்கா, நான் அவரைக் கேட்டா நீங்க பதில் சொல்றீங்க, அப்புறம் அவர் எதுக்கு வாயைத் திறக்கணும் என்றாள். சுருக்கென்றது. தண்ணி என்பதில் 'த' வருவதற்குள் டம்ளரை நீட்டுகிறவள் நான், பொத்தான் போட்டுவிடுவதும் நான். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு பட்டப் பரீட்சை எழுதியவள் என்று பெருமை வேறு, பயம் வந்தால் படித்ததெல்லாம் எங்கே போகிறதோ. அந்தப் பெண், இது பிடிவாதம் இல்லக்கா, இந்த நோயில மனசும் சேர்ந்து அடிவாங்கும், டாக்டர்கிட்டயும் சொல்லுங்க, அவருக்குத் தெரிஞ்ச ஒண்ணை அவரைச் செய்ய விடுங்க என்றும் சொன்னாள்.

அவருக்கு நன்றாகத் தெரிந்தது ஒன்று, எனக்குச் சுத்தமாகத் தெரியாததும் அதுதான். இருபது வருஷமாகக் கூப்பிட்டும் நான் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. முதலாளியைக் காரோடு மைதானத்துக்கு வரச் சொல்லிவிட்டு, அப்பாவிடம், ஆட்டோவுக்கு நின்னு நின்னு கால் வலிக்குதுங்க, கத்துக்குடுங்க என்றேன். முறைத்தார். ஆனால் செருப்பைத் தேடினார். நேற்றுக் காலை முதலாளி பின்சீட்டில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டார், அப்பா பழையபடி பக்கத்து இருக்கையில், சொல்லிக்கொடுப்பவருக்கென்று அங்கே தனி பிரேக் உண்டே, அதன்மேல் திடமாக இருக்கும் இடது காலை வைத்திருந்தார். மூன்று முறை என்ஜின் அணைந்துபோயிற்று. நாலாவதில் வண்டி நகர்ந்தது, நத்தை வேகந்தான், ஆனால் நேரே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து. பிரேக் போடுங்க, போடுங்க என்று நான் அலறுகிறேன், அவர் என்னைப் பார்க்கிறாரே தவிர காலை அசைக்கவில்லை. வேறு வழியில்லாமல் நானே மிதித்தேன். குலுங்கி நின்றது, தொட்டிக்கு இன்னும் பத்தடி இருந்தது. முதலாளி வழக்கம்போல என்னிடம், அவருக்குக் கால் வரலையாம்மா என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். அவரையே கேளுங்கண்ணே என்றேன். எவ்வளவு நேரமோ தெரியாது, கண்ணாடியில் ஒரு ஈ மேலும் கீழும் நடந்துகொண்டிருந்தது. அப்பா எச்சில் விழுங்கி, வாய் கோணி, நான்... போட்டா... இவ... எப்போ... கத்துப்பா என்றார். ஐந்து வார்த்தை, பாப்பா! அடுத்து என் பக்கம் திரும்பி, கண்ணு எங்கடி இருக்கு என்று ஒரு அதட்டல், அது மட்டும் தடங்கலே இல்லாமல் வந்தது. திட்டு மட்டும் பழுதாகலடா உனக்கு என்று முதலாளி அவரிடமே சொல்லிச் சிரிக்க, அப்பாவும் ஒருபக்க வாயால் சிரித்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன், இன்று காலை மறுபடி போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். ஆனால் சாயங்காலம் தானே பொத்தான் போட்டார், ஒன்று மாறியிருந்தது, நான் திருத்தவில்லை. பிறகு காலண்டரில் ஒரு ஞாயிறைத் தொட்டார், போனைத் தொட்டார், தன் நெஞ்சைத் தொட்டார். வருகிற ஞாயிறு இல்லை, அதற்கடுத்தது, அதுவரை ஒத்திகை பார்ப்பார் போலிருக்கிறது. எண்ணை அவரே அழுத்துவாராம். நீ எடுத்ததும் ஒன்றும் கேட்காது, மூச்சு மட்டும் வரும். லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதே. சொல்லுங்கப்பா சொல்லுங்கப்பா என்று அவசரப்படுத்தாதே, வார்த்தையை எடுத்துக்கொடுக்காதே, அழுகை வந்தால் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொள். என்ன பெயர் வந்தாலும் உன்னைத்தான் கூப்பிடுகிறார், என்னப்பா என்று கேள். நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், மாடியில் துணி காயப்போடுவேன். இருந்தால் கால் பிரேக்குக்குப் போய்விடும், என்னை எனக்குத் தெரியும்.

ராத்திரியில் பிஸ்கெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே. உன் பரீட்சை நல்லபடி நடக்கவும் உன் மனசு நல்லபடி இருக்கவும் எங்கள் இருவர் ஆசியும் உண்டு, அவருடையதையும் சேர்த்து நான் எழுதும் கடைசி ஆசி இதுவாக இருக்கட்டும். அந்த ஞாயிறு காலை பத்து மணி, போனைச் சார்ஜில் போட்டு வை.

இன்னும் இரண்டாவது கியர் போடத் தெரியாத,
உன் அம்மா