ராட்டினத்தில் பெல்ட் மாட்டுபவருக்கும் பயிற்சி வேண்டும்

அனுப்புநர்:
லோயிஸ் கிளமென்ட்,
அங்கன்வாடிப் பணியாளர்,
பாலசமுத்திரம், சித்தூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
சித்தூர்.

பொருள்: கேளிக்கைப் பூங்கா ஊழியர்களுக்குக் குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கக் கோருதல்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. தசரா விடுமுறையில், செப்டம்பர் 27 சனிக்கிழமை, எட்டு வயது மகளைத் திருப்பதி சாலையிலுள்ள கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். வழக்கு நடப்பதால் அவள் பெயரை எழுதவில்லை. பூங்காவின் விவரம் இணைப்பில் உள்ளது.

2. ராட்டினத்துக்கு ஒரு சீட்டுக்கு இரண்டு சுற்று. முதல் சுற்றில், பெல்ட் மாட்டும் சாக்கில் அங்கிருந்த ஊழியன் அவளைத் தகாத முறையில் தொட்டிருக்கிறான். சுற்று முடிந்ததும் அவள் இறங்கி, வரிசையைக் கவனித்த தேவசேனா என்ற பெண்ணிடம் போய், "அந்த அண்ணன் வேணாம்க்கா, வேற யார்னா பெல்ட்டு போடட்டும்" என்றிருக்கிறாள். அந்தப் பெண் சிரித்து, கன்னத்தைத் தட்டி, அதே இருக்கையில் உட்கார வைத்தார். அதே ஆள் மறுபடி மாட்டினான்.

கம்பிவேலிக்கு வெளியே நின்ற எனக்குப் பேச்சு கேட்கவில்லை. பயப்படுகிறாள் என்று எண்ணி, உட்காரும்படி நானும் கையசைத்தேன், ஐயா. அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறேன்.

3. வீடு திரும்பும் பேருந்தில்தான் சொன்னாள். மறுநாளே புகார் கொடுத்தோம். போக்சோ சட்டத்தில் அவன் கைதாகிச் சிறையில் இருக்கிறான்.

4. தேவசேனா மீது எனக்குக் கோபமில்லை. வயது பத்தொன்பது. காவல் நிலையத்தில் என் கையைப் பிடித்து அழுதார்: "பாப்பா பயந்துக்கினு சொல்லுதுன்னு நெனச்சேங்க்கா. இந்த மாரி சொன்னா இன்னா பண்ணணும்னு எங்களுக்கு யாரும் சொல்லித் தரல." அவர் வாக்குமூலத்தையும் இணைத்துள்ளேன்.

5. மேலாளரிடம் போனோம். "அவனைத்தான் தூக்கிட்டோமேம்மா, இன்னும் இன்னா பண்ணச் சொல்றீங்க?" என்றார். அன்று காலை வேலைக்குச் சேர்ந்த வேறொருவர் அதே ராட்டினத்தில் குழந்தைகளுக்கு பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார். எந்தப் பயிற்சியும் இல்லை. எங்கள் அங்கன்வாடியில் சமைக்கும் அம்மாவுக்குக்கூட இந்தப் பயிற்சி உண்டு.

6. மகள் இப்போது செருப்பு வாரைக்கூட என்னைத் தொட விடுவதில்லை. "நான் சொன்னேனேம்மா" என்கிறாள்.

ஆகவே, பயிற்சி பெறாத எவரையும் குழந்தைகள் அருகில் பணியமர்த்தக் கூடாதென்றும், புகார் கேட்க ஒரு பெண் அலுவலர் அங்கேயே இருக்க வேண்டுமென்றும், அதுவரை உரிமத்தை நிறுத்தி வைக்கவும் உத்தரவிடக் கெஞ்சிக் கேட்கிறேன். வரும் நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று, எங்கள் பகுதிப் பள்ளியிலிருந்து இருநூறு பிள்ளைகளை அதே பூங்காவுக்கு அழைத்துப் போகிறார்கள். இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது, ஐயா.

தெலுங்கு மொழிபெயர்ப்பும் இணைத்துள்ளேன்.

இடம்: சித்தூர்
நாள்: 27.10.2025

தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும் தாய்,
(ஒப்பம்)
லோயிஸ் கிளமென்ட்